பேசாத கைப்பிடி

ஏர்பஸ் ஏ320 விமானத்தின் கைப்பிடியை விமானி முழுப் பலத்தோடு இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தாலும் விமானம் 67 பாகைக்கு மேல் சாயாது. கணினி விடாது. பிடியைத் தளர்த்தினால் 33 பாகைக்குத் தானே திரும்பி வந்து நிற்கும். போயிங் 777-லும் விமானிக்கும் இறக்கைக்கும் நடுவே இருப்பது கணினிதான். ஆனால் அங்கே 35 பாகையைத் தாண்டும்போது யோக், அதாவது விமானியின் முன்னுள்ள கட்டுப்பாட்டுத் தண்டு, எதிர்த்துக் கனக்கும், அவ்வளவே. இன்னும் பலம் கொடுத்துத் திருப்பினால் விமானம் கேட்கும். முதலாவது 1988-ல் பயணிகள் சேவைக்கு வந்தது, இரண்டாவது 1995-ல். அன்றிலிருந்து விமானிகள் கூடும் இடங்களில் ஓயாத சண்டை ஒன்று நடக்கிறது: கடைசி வார்த்தை யாருடையது, மனிதனுடையதா, கணினியுடையதா?

கேட்கச் சுவையான கேள்வி. விபத்து அறிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் அதன் முக்கியத்துவம் குறைந்துகொண்டே போகிறது. கணினி குறுக்கே நின்று தடுத்ததால் விழுந்த விமானங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கணினி என்ன செய்துகொண்டிருக்கிறது, பக்கத்து இருக்கைக்காரர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று தெரியாமலேயே விழுந்தவை வரிசையாக நிற்கின்றன. இரண்டு தத்துவங்களையும் எடைபோட வேண்டிய தராசு அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் இரு தரப்பின் நியாயத்தையும் சரியாகச் சொல்லிவிட வேண்டும். பழைய விமானங்களில் விமானியின் கையிலிருந்து இறக்கை வரை எஃகுக் கம்பிகளும் கப்பிகளும் ஹைட்ராலிக் குழாய்களும் ஓடின. ஏ320-ல் கைப்பிடியின் அசைவு மின்குறிப்பாக மாறி ஏழு கணினிகளிடம் போகிறது. வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு சில்லுகளில் எழுதிய மென்பொருள் அவற்றில் ஓடுகிறது, ஒரே பிழை எல்லாவற்றையும் ஒருசேர வீழ்த்திவிடக் கூடாதென்று. இந்த வடிவமைப்புக்காக ஏர்பஸ்ஸுக்குள் போராடியவர் பெர்னார்ட் ஸீக்லர். நிறுவனத்தின் முதல் தலைவர் ஹென்றி ஸீக்லரின் மகன், முன்னாள் போர் விமானி, சோதனை விமானி. அந்தத் தரப்பின் வாதம் இது: விமானத்தின் உடல் எவ்வளவு தாங்கும் என்பது பொறியாளருக்குத் தெரியும். உயிர் போகிற பதற்றத்தில் விமானி அந்த விளிம்பைத் தடவித் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கைப்பிடியை முழுதாக இழுக்கட்டும், கணினி விளிம்பு வரை கொண்டுபோய் நிறுத்தும். 67 என்ற எண்ணும் ஏதோ போகிறபோக்கில் போட்டதன்று. அந்தச் சாய்வில் உயரம் குறையாமல் திரும்பினால் விமானத்தின் மீது ஏறக்குறைய 2.5 ஜி, அதாவது தன் எடையைப் போல் இரண்டரை மடங்கு, பாரம் விழும். அதுதான் சான்றிதழ் விதிகள் சொல்லும் எல்லைப் பாரம்.

போயிங் தரப்போ, பொறுப்பு விமானியின் தலையில் இருக்கிறது, அதிகாரமும் அவர் கையில்தான் இருக்க வேண்டும் என்கிறது. பொறியாளர் எல்லாச் சூழ்நிலைகளையும் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்க முடியாது. நினைக்காத ஒன்று வரும் நாளில் கணினி கதவைச் சாத்திவிடக் கூடாது.

எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்பு சொல்லலாமே என்று தோன்றும். முடியாது. இரு நிறுவனங்களின் புதிய விமானங்களும் மிகப் பாதுகாப்பானவை, விபத்துகள் மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்திலும் விமானிகளின் பயிற்சி, பராமரிப்பு, வழித்தடம், வானிலை எல்லாம் கலந்திருக்கின்றன. போதாக்குறைக்கு, எல்லை போட்ட கணினி காப்பாற்றிய விமானம் செய்தியில் வருவதில்லை. ஏர்பஸ் வெளியிடும் புள்ளிவிவரங்கள் இத்தகைய விமானங்களில் கட்டுப்பாடு இழக்கும் விபத்துகள் வெகுவாகக் குறைந்துவிட்டதைக் காட்டுகின்றன. திசை சரியென்றே நினைக்கிறேன், ஆனால் சொல்வது விற்பவர். ஆகவே ஒவ்வொரு விபத்தின் உள்ளே புகுந்து, எந்தக் கட்டத்தில் எது கைவிட்டது என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லைக்கு எதிராக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 1985 பிப்ரவரி 19 அன்று பசிபிக் மேல் நடந்தது. தைபேயிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நோக்கிப் போன சைனா ஏர்லைன்ஸின் 747 எஸ்பி, 41,000 அடியில் ஒரு எஞ்சின் உந்துவிசையை இழந்தபின் புரண்டு, தலைகுப்புற விழத் தொடங்கியது. 9,500 அடி அருகே விமானிகள் இழுத்து நிமிர்த்தினார்கள். அப்போது விமானத்தின் மீது ஏறிய பாரம் 5 ஜி அளவு. வால் பகுதியின் சில துண்டுகள் பிய்ந்து போயின, இறக்கை வளைந்தது, ஆனால் சான்பிரான்சிஸ்கோவில் பத்திரமாக இறங்கியது. யாரும் சாகவில்லை. 2.5 ஜி-க்கு மேல் விடமாட்டேன் என்னும் கணினி இருந்திருந்தால் அத்தனை பேரும் கடலில்தான், என்பது வாதம்.

வலுவான வாதம்தான், முதல் பாதியை மறந்துவிட்டால். அந்த விமானம் புரண்டதே ஏன்? ஒரு பக்க எஞ்சின் பலம் குறைந்து விமானம் ஒருபுறம் இழுக்கப்பட்டபோது, ஆட்டோபைலட் எதுவும் சொல்லாமல் எதிர்ப்புறம் ஈடுகொடுத்துக்கொண்டே இருந்தது. அதை விமானி விடுவித்த கணத்தில் விமானம் கவிழ்ந்தது. சாய்வுக்கு எல்லை இருந்திருந்தால் புரண்டே இருக்காது. 5 ஜி இழுப்புக்குத் தேவையும் வந்திராது. இந்தச் சம்பவத்திலிருந்து எடுக்க வேண்டிய பாடம், ஈடுகொடுக்கும் எந்திரம் மௌனமாக ஈடுகொடுத்தது என்பதுதான். இரு தரப்பும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

எல்லைக்கு ஆதரவான சான்றுகள் இதைவிடத் திடமானவை. 1995 டிசம்பரில் கொலம்பியாவின் காலி நகரருகே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 757 ஒன்று மலையில் மோதி 159 பேர் இறந்தார்கள். தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை கேட்டவுடன் விமானிகள் முழு உந்துவிசை கொடுத்து மேலே இழுத்தார்கள். ஆனால் இறங்குவதற்காக இறக்கைமேல் விரித்து வைத்திருந்த வேகத்தடைத் தகடுகளை மடக்க மறந்துவிட்டார்கள். ஏ320-ல் தாக்குகோணம், அதாவது எதிர்க்காற்று இறக்கையைச் சந்திக்கும் கோணம், எல்லையை நெருங்கினால் அந்தத் தகடுகள் தாமே உள்ளே போய்விடும். 2009 ஜனவரி 15 அன்று ஹட்சன் ஆற்றில் இறங்கிய ஏ320 இன்னொரு சான்று. இரண்டு எஞ்சின்களும் போன விமானத்தில் கேப்டன் சல்லன்பெர்கர் வேகமானியை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லாமல் கைப்பிடியை இழுத்துப் பிடித்திருந்தார். ஸ்டாலுக்குள், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் நிலைக்குள் அது போகவில்லை. கணினி காத்தது. அதே கணினி கடைசி நொடிகளில் அவர் கேட்ட அளவுக்கு மூக்கைத் தூக்கவும் விடவில்லை, கொஞ்சம் கையிருப்பை வைத்துக்கொண்டது என்பதையும் விசாரணை பதிவுசெய்தது. 155 பேரும் பிழைத்த கணக்கில் அது சிறிய குறைதான்.

ஆனால் எல்லை போடும் கணினிக்குக் கண்கள் வேண்டும். மூன்று தாக்குகோணக் கருவிகளை வைத்து, ஒன்று மாறுபட்டால் மற்ற இரண்டின் பேச்சைக் கேட்பது ஏர்பஸ் முறை. பெரும்பான்மை தவறாக இருந்தால்? 2008 நவம்பர் 27 அன்று பிரான்சின் பெர்பின்யான் கடற்கரையில் ஒரு ஏர்பஸ் விமானத்துக்கு அதுதான் நடந்தது. வண்ணம் பூசுவதற்குமுன் கழுவியபோது உள்ளே புகுந்த நீர் உயரத்தில் உறைந்து, இரண்டு கருவிகள் ஒரே கோணத்தில் சிக்கிக்கொண்டன. சரியாக வேலை செய்த மூன்றாவதைக் கணினி ஒதுக்கித் தள்ளியது. குறைவேகத்தில் எல்லைப் பாதுகாப்பைச் சோதித்துப் பார்க்க முனைந்த விமானிகளுக்குக் கிடைத்தது ஸ்டால். ஏழு பேர் இறந்தார்கள். ஏறத்தாழ ஏழு வாரம் முன்பு, அக்டோபர் 7 அன்று, சிங்கப்பூரிலிருந்து பெர்த் போன குவாண்டஸ் ஏ330-ல் ஒரு தரவுக் கருவி அனுப்பிய, திடீரென எகிறிய பொய் அளவுகளை நம்பிக் கணினி இருமுறை மூக்கைக் கீழே தள்ளியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2014 நவம்பரில் ஸ்பெயின் மேல் பறந்த லுஃப்தான்ஸா ஏ321-ல் மறுபடியும் இரண்டு கருவிகள் உறைந்தன. விமானம் தானாக மூக்கைத் தாழ்த்தியது, 4,000 அடி இழந்தது. விமானிகள் இழுத்துப் பிடித்துக்கொண்டே தரையிலுள்ள தொழில்நுட்பக்காரர்களிடம் கேட்டு, ஒரு தரவுக் கணினியை அணைத்துக் கணினியின் பாதுகாப்பையே விலக்கினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். 2025 நவம்பர் கடைசியில், கடும் சூரியக் கதிர்வீச்சு கட்டுப்பாட்டுக் கணினியின் தரவைக் கெடுக்கக்கூடும் என்று சுமார் 6,000 ஏ320 வகை விமானங்களின் மென்பொருளை உடனே மாற்றச் சொன்னது ஏர்பஸ். நம் ஊர் நிறுவனங்களின் விமானங்களும் அதில் அடக்கம்.

இவை எல்லை போடும் கொள்கையைக் கவிழ்க்கின்றனவா? இல்லை என்பேன். பெர்பின்யானில் விமானிகள் இருந்தது சோதனைக்கென்றே தேர்ந்தெடுத்த தாழ்ந்த உயரத்தில். மற்ற இடங்களில் மனிதனுக்கு வெளியேற வழி இருந்தது, நேரம் இருந்தது. கண்ணை நம்பும் முறையைத் திருத்த வேண்டும் என்பதற்கு இவை சாட்சி. எல்லையே வேண்டாம் என்பதற்குச் சாட்சி ஆகா. கடைசி வார்த்தை பற்றிய வழக்கில் ஏர்பஸ் பக்கம்தான் நியாயம் கனக்கிறது.

போயிங் 737 மேக்ஸ் இந்த இடத்தில் குறுக்கிடும். அதைத் தாண்டிப் போக முடியாது. 2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானத்தில் 189 பேர், 2019 மார்ச் 10 அன்று அடிஸ் அபாபாவிலிருந்து கிளம்பிய எத்தியோப்பியன் விமானத்தில் 157 பேர் இறந்தார்கள். பெரிய எஞ்சின்களைப் பழைய உடலில் பொருத்தியதால் சில சூழ்நிலைகளில் மூக்கு தூக்கும் போக்கு மாறியது. பழைய 737 போலவே அது கைக்கு இருக்க வேண்டும் என்பதற்காக எம்கேஸ் என்னும் மென்பொருள் சேர்க்கப்பட்டது. தாக்குகோணம் அதிகமென்று தோன்றினால் அது வாலின் கிடைச்சிறகான ஸ்டெபிலைசரை நகர்த்தி மூக்கைத் தாழ்த்தும். ஒருமுறை நகர்த்தும் அளவு வடிவமைப்பின்போது 0.6 பாகையிலிருந்து 2.5 பாகையாக உயர்ந்தது. விமானி திருத்தினால் 5 நொடி பொறுத்து மறுபடி தள்ளும். விமானத்தில் இரண்டு தாக்குகோணக் கருவிகள் இருந்தும் ஒவ்வொரு பயணத்திலும் ஒன்றை மட்டுமே கேட்டது. விமானிகளின் கையேட்டில் அதன் பெயரே இல்லை.

மேக்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிடக் கனமாகத் தோன்றுவது இரண்டு சிறு மாற்றங்கள். பழைய 737-ல் ஸ்டெபிலைசர் தன்னிஷ்டத்துக்கு மூக்கைத் தாழ்த்தினால் விமானி கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னால் இழுப்பார். இயல்பான அனிச்சைச் செயல். இழுத்தவுடன் ஒரு சுவிட்ச், ஸ்டெபிலைசரை நகர்த்தும் மின்சார ட்ரிம்மை நிறுத்திவிடும். விமானிக்கே கடைசி வார்த்தை என்ற போயிங் கொள்கை பொருளாக உறைந்திருந்த இடம் அது. எம்கேஸ் விஷயத்தில் அந்தத் தடுப்பு வேலை செய்யாதபடி செய்தார்கள். முன்பு ட்ரிம்முக்கு இரண்டு தனித்தனி நிறுத்தும் சுவிட்சுகள் இருந்தன: ஒன்றால் தானியங்கி ட்ரிம்மை மட்டும் துண்டித்துவிட்டு, கட்டைவிரல் பொத்தானால் விமானி ட்ரிம் செய்துகொண்டிருக்கலாம். மேக்ஸில் எதை அணைத்தாலும் மின்சார ட்ரிம் மொத்தமாகப் போய்விடும். எத்தியோப்பிய விமானிகள் அணைத்தார்கள். அந்த வேகத்தில் காற்றழுத்தத்தை மீறிக் கைச்சக்கரத்தைச் சுற்ற அவர்களால் முடியவில்லை.

ஆகவே மேக்ஸை விமானிக்கு அதிகாரம் தரும் தத்துவத்தின் தோல்வி என்று படிப்பதும், கணினி அதிகாரத்தின் தோல்வி என்று படிப்பதும் ஒருசேரத் தவறு. போயிங் தன் சொந்தக் கொள்கையை மீறியது, மீறியதை விமானியிடமிருந்து மறைத்தது. திருத்தப்பட்ட எம்கேஸ் இரண்டு கருவிகளையும் ஒப்பிடுகிறது, ஒரு நிகழ்வுக்கு ஒருமுறைதான் தள்ளுகிறது, விமானியின் இழுப்பை மிஞ்சாது. இந்த மூன்றும் முதலிலேயே போயிங்கின் பழைய பொறியாளர் எவரும் கேட்டிருக்கக்கூடியவைதான். இதைத் தத்துவ விவாதத்தில் வைத்து எடைபோடுவதே போயிங்குக்குச் செய்யும் மரியாதை, அதற்குத் தகுதியில்லாத மரியாதை.

இனி மௌனத்துக்கு வருவோம். ஏர்பஸ்ஸில் கைப்பிடியை அசைப்பது நேரடியாக வால் சிறகை அசைப்பதாகாது. எத்தனை ஜி வேண்டும் என்று கேட்பது. கையை எடுத்துவிட்டால் விமானம் அதே பாதையில் போகும். வேகம் குறைந்தால் பழைய விமானத்தில் மூக்கு தாழும், தண்டு கனக்கும். இங்கே கணினி தானே ட்ரிம் செய்து பாதையைப் பிடித்து வைக்கும், கைக்கு ஒன்றும் தெரியாது. 777-ஐ வடிவமைத்தவர்கள் இதைக் கவனித்து, வேகம் மாறினால் தண்டில் பாரம் தெரியும்படி மென்பொருளில் வேண்டுமென்றே எழுதி வைத்தார்கள். உந்துவிசையிலும் அதே வித்தியாசம். போயிங்கில் உந்துவிசையைத் தானே கவனிக்கும் ஆட்டோத்ராட்டில் எஞ்சினைக் கூட்டினாலும் குறைத்தாலும் நெம்புகோல்கள் கண்முன் நகரும். ஏர்பஸ்ஸில் அவை ஒரு பள்ளத்தில் அசையாமல் கிடக்கும், எஞ்சின் என்ன செய்கிறது என்பதைத் திரையில் படிக்க வேண்டும்.

இந்த மௌனத்தால் எத்தனை உயிர் போயிருக்கிறது? 1990 பிப்ரவரி 14, பெங்களூரு. மும்பையிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320, சேவைக்கு வந்து சில வாரங்களே ஆன புது விமானம், ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கோல்ஃப் மைதானத்தில் மோதியது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். தெளிவான வானிலை, எந்தக் கோளாறும் இல்லை. இறங்கும் வேகத்துக்கான குமிழுக்குப் பதில் உயரத்துக்கான குமிழில் 700 என்று வைத்திருக்கக்கூடும் என்று விசாரணை கருதியது. எஞ்சின்கள் வெறுமனே ஓடும் நிலையில் விமானம் வேகமிழந்து இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் கணினி முழு உந்துவிசை கேட்டது. அந்த எஞ்சின்கள் பலம் எடுக்கச் சில நொடிகள் ஆகும். தரை அதற்கு முன்பே வந்துவிட்டது. இந்தியா தன் ஏ320 விமானங்களைப் பல மாதங்கள் தரையிலேயே நிறுத்தி வைத்தது.

நெம்புகோல்கள் நகர்ந்திருந்தால் பிழைத்திருப்பார்களோ என்று கேட்கத் தூண்டும் விபத்து. போயிங் ஆதரவாளர்கள் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் நேர்மையாக எடைபோட்டால் எதிர்ச்சான்றுகளும் உண்டு. 2009 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாமில் துருக்கிய 737-ன் உயரமானி, விமானம் 2,000 அடியில் இருந்தபோதே மைனஸ் 8 அடி என்று காட்டியது. தரை வந்துவிட்டதென நம்பிய ஆட்டோத்ராட்டில் நெம்புகோல்களைப் பின்னுக்கு இழுத்தது. விமானிகளின் கண்முன்னேதான் அவை நகர்ந்தன. வேகம் அதிகமாயிருந்த நேரம், குறைக்கத்தானே வேண்டும் என்று அவர்களுக்கு இயல்பாகத் தோன்றிவிட்டது. ஒன்பது பேர் இறந்தார்கள். 2013 ஜூலை 6 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஏஷியானா 777, இலக்கு வேகம் 137 நாட் என்றிருக்க 103 வரை இறங்கியது. அங்கே நெம்புகோலை விமானியே பின்னுக்கு இழுத்திருந்தார். ஆட்டோத்ராட்டில் அந்த முறையில் உறங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மூன்று பேர் இறந்தார்கள். ஆகவே நகரும் நெம்புகோல் நல்லது என்பது என் சாய்வாக இருந்தாலும், வழக்கு நிரூபணமாகவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கைப்பிடி வழக்கு வேறு. ஏர்பஸ்ஸில் இரு விமானிகளின் கைப்பிடிகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. ஒன்றை இழுத்தால் மற்றது அசையாது. இருவரும் ஒரே நேரத்தில் அசைத்தால் கணினி இரண்டையும் கூட்டி எடுத்துக்கொள்ளும். ஒருவர் முழுதாக முன்னே தள்ள, மற்றவர் முழுதாகப் பின்னே இழுத்தால் விமானத்துக்குக் கிடைப்பது பூஜ்யம். கைப்பிடி அவரவர் இருக்கையின் வெளிப்பக்கத்தில் இருப்பதால் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் சரியாகத் தெரியாது, இரவில் சுத்தமாகத் தெரியாது.

2009 ஜூன் 1 அதிகாலை, ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447, ஏ330. அட்லாண்டிக் மேல் 35,000 அடியில் வேகமறியும் பிடோ குழாய்களில் பனிப்படிகம் அடைத்தது. ஆட்டோபைலட் விடைபெற்றது. எல்லாப் பாதுகாப்பும் உள்ள இயல்பு விதியிலிருந்து, பாதுகாப்பு குறைந்த மாற்று விதிக்குக் கணினி இறங்கியது, அதோடு ஸ்டாலிலிருந்து காக்கும் எல்லையும் போய்விட்டது. வலப்பக்க விமானி கைப்பிடியை இழுத்தார். விமானம் 38,000 அடி வரை ஏறி, வேகமிழந்து, ஸ்டாலுக்குள் விழுந்தது. வேக அளவீடு ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிட்டது. அவர் இழுப்பது மட்டும் நிற்கவில்லை. மாற்று விதியிலும் ட்ரிம் தானியங்கியாகவே ஓடியதால், ஸ்டெபிலைசர் 3 பாகையிலிருந்து 13 பாகைக்கு மூக்கு தூக்கும் பக்கம் சத்தமில்லாமல் போய் நின்றது. ஸ்டால் எச்சரிக்கையின் தர்க்கமோ தலைகீழ்: வேகம் 60 நாட்டுக்குக் கீழே அளவிடப்பட்டால் தாக்குகோணத்தை நம்பமாட்டேன் என்று எச்சரிக்கை வாயை மூடிக்கொண்டது. சரியானதைச் செய்ய விமானி மூக்கைத் தாழ்த்தியபோது வேகம் கூடி, எச்சரிக்கை மறுபடி அலறியது. இடப்பக்க விமானி தான் ஓட்டுவதாகச் சொல்லிக் கட்டுப்பாட்டை எடுத்தார். சொல்லாமலே வலப்பக்கத்தவர் திரும்ப எடுத்துக்கொண்டார். ஓய்விலிருந்து திரும்பி இருவருக்கும் பின்னால் இருந்த கேப்டனுக்கு எந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று தெரிய வழியே இல்லை. ஆட்டோபைலட் போனதிலிருந்து கடல் வரை 4 நிமிடம் 23 நொடி. 228 பேர்.

ஐந்தரை ஆண்டு கழித்து, 2014 டிசம்பர் 28 அன்று, சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் கிளம்பிய ஏர் ஏஷியா ஏ320 அதே வடிவத்தில் விழுந்தது. ஒரு சர்க்யூட் பிரேக்கரை இழுத்ததில் கணினி மாற்று விதிக்கு இறங்கியது, துணை விமானி முழுதாகப் பின்னே இழுத்துக்கொண்டிருந்தார், கேப்டன் முன்னே தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டையும் கணினி கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. 162 பேர்.

ஏர்பஸ்ஸின் பதில்கள் கேட்கத் தகுந்தவை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஓட்ட வேண்டும் என்பது நடைமுறை. இருவர் அசைத்தால் குரல் எச்சரிக்கை உண்டு. மற்றவரை விலக்கும் பொத்தானும் உண்டு. இணைக்கும் பொறியமைப்பு எடை, சிக்கல், சிக்கிக்கொள்ளும் அபாயம். எல்லாவற்றையும்விட வலுவான பதில், இணைந்த யோக் இருந்தும் இதேபோல் விழுந்த விமானங்கள். 2005 ஆகஸ்ட் 16 அன்று வெனிசுவேலாவில் விழுந்த வெஸ்ட் கரீபியன் எம்டி-82-ல், துணை விமானி இது ஸ்டால் என்று வாய்விட்டுச் சொன்னார். தண்டு பின்னால் கிடப்பது இருவருக்குமே தெரிந்திருக்கும். கேப்டன் விடவில்லை, 160 பேர் இறந்தார்கள். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் விமானத்தில் கேப்டன், தண்டு அதிர்ந்து முன்னே தள்ளியபோதும் அதை எதிர்த்து இழுத்தார்.

இந்த எதிர்ச்சான்றை ஒதுக்க முடியாது. ஆனால் அது நிரூபிப்பது என்ன? தகவல் கிடைத்தும் மனிதன் தவறலாம் என்பதைத்தான். வெனிசுவேலாவில் துணை விமானிக்குத் தெரிந்தது, அதனால்தான் அவரால் சரியாகச் சொல்ல முடிந்தது. அவர் தோற்றது அதிகாரப் படிநிலையிடம். அட்லாண்டிக்கில் சொல்லவே ஆளில்லை, ஏனென்றால் தெரியவே இல்லை. குரல் எச்சரிக்கை என்ற பதிலோ சோதித்துப் பார்க்கப்பட்டுத் தோற்றது. செயற்கைக் குரல்களில் அதற்குத்தான் கடைசி முன்னுரிமை. ஸ்டால் எச்சரிக்கை அலறும்போது, அதாவது மிகத் தேவைப்படும்போது, அது பின்வாங்கி நிற்கும். ஒருவர்தான் ஓட்ட வேண்டும் என்ற நடைமுறையும் இருவரும் நிதானமாக இருக்கும் வரைதான். எல்லை போடும் தத்துவம் மனிதன் பதறுவான் என்ற அடித்தளத்தில் கட்டப்பட்டது. அதே விமானத்தின் கைப்பிடி மனிதன் பதறமாட்டான் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டிருக்கிறது. இந்த முரண்பாட்டுக்கு ஏர்பஸ்ஸிடம் பதிலில்லை.

இன்னொரு குற்றச்சாட்டும் இங்கேயே சேர்கிறது, கைமாற்றும் விதம். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் இருந்த உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-லேயே எழுதினார்: எளிய வேலைகளைத் தானியங்கி எடுத்துக்கொண்டு, தன்னால் முடியாத கடினமானதை மட்டும் மனிதனிடம் தள்ளுகிறது, பழக்கம் விட்டுப்போன மனிதனிடம். 447-ல் நடந்தது அதன் உருவகம். வேகம் தெரியாமல் போனபோது செய்ய வேண்டியிருந்தது மூக்கையும் உந்துவிசையையும் இருந்தபடியே வைத்திருப்பது. அதைக் கணினியே செய்திருக்கலாம். மாறாக, எல்லைப் பாதுகாப்பையும் எடுத்துக்கொண்டு, பக்கவாட்டில் கைப்பிடியின் உணர்திறனையும் மாற்றிவிட்டு, நள்ளிரவில் ஒப்படைத்தது. பாடம் ஓரளவு கற்கப்பட்டிருக்கிறது: போயிங் 787 பிடோ குழாய் பொய் சொன்னால் தாக்குகோணத்திலிருந்து வேகத்தைக் கணித்துக் காட்டுகிறது. ஏர்பஸ்ஸும் தன் புதிய விமானங்களில் இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. பிழை ஒப்புக்கொள்ளப்பட்ட இடம் இது.

கைப்பிடியில் அந்த ஒப்புக்கொள்ளல் இன்னும் வரவில்லை. எல்லையில் ஏர்பஸ் சரி; நெம்புகோலில் தீர்ப்பு நிலுவை; இணைக்காத கைப்பிடியில் ஏர்பஸ் தவறு, புதிதாகச் சான்றிதழ் கேட்கும் எந்தப் பயணிகள் விமானத்துக்கும் அதை இனி அனுமதிக்கக் கூடாது. எடை, சிக்கல் என்ற சாக்கும் காலாவதியாகிவிட்டது. மோட்டார்கள் மூலம் ஒன்றையொன்று பின்பற்றி அசையும் கைப்பிடிகள் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி500-ல் இருக்கின்றன. அது 2018-ல் சான்றிதழ் பெற்றது, அதிகபட்சம் 19 பேர் போகும் தனியார் ஜெட். முந்நூறுக்கும் மேற்பட்டோரைச் சுமக்கும் ஏ350-ல் இரு கைப்பிடிகளும் இன்றுவரை தனித்தனியாகத்தான் அசைகின்றன.